கிழிந்த பக்கத்தில் எரிந்த விளக்கு

என்னைப் பெற்ற நைனாவுக்கு,

எழுதப் படிக்கத் தெரியாத உனக்குக் கடிதம் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். அதையும் ஊரறிய ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் எதிரில் வாய் திறக்காத நான் இப்படிச் செய்வேன் என்று நானே நினைக்கவில்லை. ஆனால் அச்சில் வந்ததைத்தானே நீ நம்புவாய்? வாயால் சொன்னால் சிரித்துவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடுவாய்.

'நீங்கள்' என்று போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மனு எழுதுவது போலிருந்தது. அதனால் எப்போதும்போல 'நீ'தான்.

முதலில் சேதி. பி.ஏ. தேறிவிட்டேன். நீ வைகாசியில் கண்ணை மூடினாய், ஆனியில் முடிவு வந்தது. சதுரங்கப்பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்திருக்கிறது. பொங்கல் கழிந்ததும் சேர வேண்டும். இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்தாயிற்று. அதற்குள் செங்கல்பட்டில் நம் ரயில்வே வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். உன் வேலைக்கு வந்திருப்பவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு அந்த வீட்டுக்காகக் காத்திருக்கிறார். எல்லாம் கூடித்தான் வருகிறது. அம்மா மட்டும் கிளம்ப மாட்டேன் என்கிறாள். காரணம் நீ.

அதைச் சொல்வதற்கு முன்னால் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

கல்லூரியில் என் கூடப் படித்த பெண்கள் குடும்பக் கதை படிப்பார்கள், காதல் கதை படிப்பார்கள். நான் மட்டும் வேறு கிரகத்துக்குப் போகிறவர்களையும், கல்லாகிப் போன ராஜ்யங்களையும், கண்ணுக்குத் தெரியாமல் நடமாடுகிறவர்களையும் தேடிப் பிடித்துப் படிப்பேன். 'பொம்பளப் பிள்ளைக்கு இது என்னடி ருசி?' என்பார்கள். நான் பதில் சொன்னதில்லை. எங்கள் நைனா ரயில் பெட்டி கூட்டுகிறவர் என்றல்லவா அந்தப் பதிலை ஆரம்பிக்க வேண்டும்?

சென்னையிலிருந்து வரும் வண்டி செங்கல்பட்டோடு நின்றுவிடும். ஜனங்கள் இறங்கிப்போன பிறகு நீ துடைப்பத்தோடு ஏறுவாய். இருக்கையில் விட்டுப்போன வாரப் பத்திரிகைகளை மற்றவர்கள் எடைக்குப் போட எடுப்பார்கள். நீ படத்தைப் பார்த்து எடுப்பாய். புடவை கட்டிய பெண் அழுதுகொண்டிருக்கும் படமென்றால் அப்படியே விட்டுவிடுவாய். விளங்காத படமென்றால் மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாய்.

"ஏம்மே, இங்க பாரு. ஒருத்தன் தலையில கண்ணாடிக் குண்டான கவுத்துகினு நிக்கிறான். இன்னான்னு படி."

எண்ணெய்க் கறையும் வெற்றிலைச் சாறும் படிந்த தாளை நான் எழுத்துக் கூட்டிப் படித்ததிலிருந்து இது தொடங்கியது. நடுவிலிருந்து கிடைக்கும், முடிவு முதலில் வரும், ஆரம்பம் வராமலே போகும். நீ முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாய். நான் மூச்சு விட நிறுத்தினால், "அப்பால?" என்பாய்.

"நைனா, இது கதை. நெசம் இல்ல" என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

"காசு போட்டு காயிதம் வாங்கி, மிஷின்ல அச்சடிச்சி, ரயில்ல ஏத்தி அனுப்புறான். பொய்யிக்கா இம்மாம் மெனக்கெடுவான்?"

ஒரு பக்கம் கிழிந்து போயிருந்தால் என்ன செய்வது என்பதற்கும் நீ ஒரு வழி வைத்திருந்தாய். நான், "கிழிஞ்சி கீது நைனா" என்பேன். நீ சலித்துக்கொள்ள மாட்டாய்.

"காயிதந்தான கிழிஞ்சிச்சு? நடந்தது நடந்துதான கீது. கண்ண மூடி யோசி, தெரியும்."

நான் கண்ணை மூடி, தோன்றியதைச் சொல்வேன். அச்சில் இருந்ததையும் நான் சொன்னதையும் நீ பிரித்துப் பார்த்ததே இல்லை. இரண்டும் உனக்கு நடந்தவைதான். மறுநாள் அதையெல்லாம் ஷெட்டில் போய்ச் சொல்வாய். சாயங்காலம் பக்கத்து வீட்டு ஏழுமலை மாமா, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் உடுப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நிற்பார்.

"இன்னா அண்ணாத்த, சந்திரனுக்கு வண்டி எந்த பிளாட்பாரம்?"

"உனுக்கு டிக்கெட் தரமாட்டான் போ. குடிச்சிட்டு ஏறக்கூடாது."

"ஜன்னலோரமா ஒரு சீட் போட்டு வை அண்ணாத்த. மச்சினிச்சிய அனுப்பி வுட்டுட்றேன், அங்கயே இருக்கட்டும்."

எனக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும். அதுவரைக்கும் நான் உனக்காகத்தான் படித்தேன். எனக்கென்று எந்த ஆசையும் இல்லை. அது நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மகாபலிபுரத்துக் கடற்கரையில் மாறியது. அங்கே நடந்ததை நாம் இருவரும் பிறகு பேசவே இல்லை. நீ ஏன் பேசவில்லை, நைனா?

கடலுக்கு அடியில் மூழ்கிய ஒரு பட்டணத்தைப் பற்றிய கதை அது. ஒருவன் முக்குளித்துப் போகிறான், தெருக்களைப் பார்க்கிறான், ஒரு வாசலில் நிற்கிறான். அதற்கு அடுத்த பக்கம் இல்லை. யாரோ கிழித்து எதையோ மடித்திருக்கிறார்கள். நீ யோசிக்கச் சொன்னாய். அப்போது நம் ஜன்னல் வழியாக சிக்னல் கம்பத்தில் பச்சை விளக்கு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "உள்ளே ஒரு விளக்கு எரியுது நைனா. பச்சையா. அலையில ஆடாம நிக்குது" என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் மறந்தும் விட்டேன்.

நீ மறக்கவில்லை. உனக்கு லீவு வந்த ஞாயிற்றுக்கிழமை என்னை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாய். கடற்கரைக் கோயிலைத் தாண்டி, நல்ல வெயிலில், கட்டுமரத்து நிழலில் உட்கார்ந்து ஒருவர் வலையைக் கோத்துக்கொண்டிருந்தார். நீ அவர் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"அண்ணாத்த, இங்க தண்ணிக்கடியில ஊரு கீதாமே?"

"கோயிலு கீதுன்னு பெரியவங்கோ சொல்லுவாங்க. வல மாட்டி கிழியும். ஊருகீரு எனுக்குத் தெரியாது."

"ஊருதான். ஒரு வூட்ல வெளக்குகூட எரிஞ்சிகினு கீது. பச்ச வெளக்கு. அல அடிச்சாலும் ஆடாது."

வலை கோத்த கை நின்றுவிட்டது. அவர் உன்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார்.

"உனுக்கு யார் சொன்னா?"

"எம் பொண்ணுதான். பொஸ்தகத்துல வந்துகீது."

"நான் யாருக்கும் சொல்லலியே. எம் பொஞ்சாதிக்கிகூட சொல்லல. பொஸ்தகத்துல எவன் போட்டான்?"

நீ பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த விளக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடமே கேட்டார்: "அந்த வெளக்காண்ட யாருனா ஒக்காந்துகினு கீறாங்களாம்மா? உம் பொஸ்தகத்துல இன்னா போட்டு கீது?"

"இன்னும் படிக்கல" என்றேன்.

"படிச்சா வந்து சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அவர் வலையைத் தொடவே இல்லை. நாம் பஸ் ஏறப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த வெயிலிலும் துண்டைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நீ வழியெல்லாம் சந்தோஷமாக வந்தாய். நான் நடுங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த நடுக்கத்தை விட மனமில்லை, நைனா. வீட்டுக்கு வந்ததும், அதுவரை நீ கொண்டுவந்திருந்த பழைய தாள்களையெல்லாம் பரப்பிவைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே படித்தேன். எவனோ ஒரு அறையில் உட்கார்ந்து யோசிப்பது வேறு எங்கேயோ ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால் அது நம்மைப் பார்க்கிறதா? அன்றைக்குத் தொடங்கிய கேள்விதான். பரீட்சைக்குப் படிக்கும்போதுகூடப் பாடப் புத்தகத்துக்குள் அதுதான் இருந்தது. அந்த மனிதரிடம் போய்ச் சொல்ல இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு சேதியும் உனக்குத் தெரியாது. இந்தப் புரட்டாசியில் ரஷ்யாக்காரர்கள் ஆகாயத்தில் ஒரு சின்னச் சந்திரனைச் செய்து ஏற்றிவிட்டார்கள். பூமியைச் சுற்றிக்கொண்டே இருந்ததாம், ரேடியோவில் அதன் சத்தம் கேட்டதாம். சேதி வந்த அன்று ஏழுமலை மாமா நம் வாசலில் வந்து நின்றார். கிண்டல் பேசவில்லை. "உன் நைனா சொன்னாரும்மா. நாந்தான் சிரிச்சிகினு இருந்துட்டேன்" என்றார். பிறகு பல நாள் பொழுது சாயும் நேரத்தில் கொளவாய் ஏரிக்கரையில் போய் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ இருந்திருந்தால் அவரை என்ன பாடு படுத்தியிருப்பாய்.

இப்போது அம்மாவைப் பற்றி.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம். விளக்கேற்றிவிட்டு, நான் ஒரு தொடர்கதையை மனதுக்குள்ளேயே படித்துக்கொண்டிருந்தேன். வாய் அசையவில்லை. பக்கம் முடிந்து நிமிர்ந்தேன். அடுப்பங்கரையிலிருந்து அம்மா குரல் வந்தது: "தோ, இருய்யா. அது படிக்கும். கொயந்த மூச்சு வுட்றதுக்குள்ள இன்னா அவசரம்?"

நான் எழுந்து போய், "யாருக்கும்மா சொன்ன?" என்றேன். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"கேட்டாரே. 'அப்பால?'ன்னு கேட்டாரே. உனுக்குக் கேக்கல?"

எனக்கும் கேட்டது, நைனா. அம்மா பேசுவதற்கு முன்பே, நீ சாய்ந்து உட்காரும் சுவரின் பக்கமிருந்து கேட்டது. எண்ணெய் படிந்து உன் முதுகு பதிந்த இடம் அங்கே இன்னும் இருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு தினமும் இல்லை. சில நாள் உண்டு, சில நாள் இல்லை. வராத நாளில் அம்மா சாப்பிடுவதில்லை. தன் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அச்சரப்பாக்கம் போகவில்லை. பொழுது சாய்ந்தால் அந்தச் சுவருக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு, "படி, படி" என்று என்னை விரட்டுகிறாள். கதை அவளுக்கு வேண்டியதில்லை. நான் நிறுத்தும் இடம்தான் அவளுக்கு வேண்டும். மணிக்கட்டு எலும்பு தெரிகிறது. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுகிறது. இந்த வீட்டில் இன்னும் ஒரு வருஷம் அவளை இப்படி விட்டால், அவளும் எனக்கு மிஞ்ச மாட்டாள்.

நான் படித்தவள். இதற்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லிப் பார்க்கிறேன். கிழிந்த இடத்தில் நான் யோசித்துச் சொன்னது கடலுக்கு அடியில் இருந்ததே. அப்படியானால் உன் குரலை யோசித்தது யார்? நானா, அம்மாவா? அல்லது யாருமே யோசிக்காமல், நீயாகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாயா?

போன வாரம் அம்மாவிடம் கெஞ்சினேன்.

"வூட்ட உடச் சொல்லிட்டாங்கம்மா. வேற குடும்பம் வரப்போவுது."

"வரட்டும். ஒரு மூலையில நானும் கீறேன்."

"யாரும்மா உடுவாங்க?"

"கேட்டுகினு ஒக்காந்துகினு கீற மனுசன எப்பிடி உட்டுட்டு வர்றது? வந்து பாத்துட்டு யாருமில்லன்னு நிப்பாரே."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சரி. சாமான் கட்டு. வண்டியில ஏறும்போது அவரு வாணான்னு சொன்னா நான் எறங்கிடுவேன். ஒண்ணியும் சொல்லலன்னா வரேன்."

அவ்வளவுதான் என்னால் வாங்க முடிந்தது. பாத்திரங்களை மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். உன் வேட்டி இரண்டையும் துவைத்து மடித்து அம்மா தன் புடவைக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

நைனா, நான் படிப்பதை விடமாட்டேன். இது சத்தியம். புது வீட்டில் கடல் பக்கம் ஜன்னல் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தாலும், தெருவுக்கே கேட்கும்படி வாய்விட்டுப் படிக்கிறேன். பூமி தாண்டிப் போகிறவர்களின் கதை எதுவானாலும் உன்னை விட்டுவிட்டுப் படிக்கமாட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் வரும் பெண்பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அவர்கள் பயப்படட்டும். அந்தப் பயத்தில் நல்லது இருக்கிறது.

கேட்க நினைத்த ஒன்றை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுவிட்டேன். கேட்டால் உன்னை இழந்துவிடுவேனோ என்று பயம்.

பொங்கலுக்கு மறுவாரம் காலையில் மாட்டு வண்டி வரும். ஏழுமலை மாமா மூட்டைகளை ஏற்றுவார். கடைசியாக அம்மா கதவைச் சாத்திவிட்டு, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நிற்பாள். அப்போது மட்டும் உள்ளேயிருந்து எதுவும் பேசாதே, நைனா.

உன் ஒரே மகள்