கராஜில் கிடக்கும் மான் தொடை

இல்ஃபோர்ட்
திங்கட்கிழமை

அன்பு மகள் தாரகாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். அங்கே ஓக்லாந்தில் நீயும் மருமகன் முகுந்தும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விடிந்தால் பொழுதுபட்டால் நினைப்பு. தினமும் போனில் கதைக்கிற அப்பா ஏன் திடீரென்று கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். வீட்டில் போன் எடுத்தால் அம்மா பக்கத்தில் இருந்து கேட்பார், கடையில் இருந்து எடுத்தால் அங்கே உனக்கு நடுச்சாமம். இது அவர் கேட்காமல் உனக்குச் சொல்லவேண்டிய விஷயம். கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி, ஆள் வரும்போது நிறுத்தி, போனதும் தொடர்ந்து எழுதுகிறேன், அதனால் எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

எங்கள் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஜெஃப்ரியை உனக்கு நினைவிருக்கும், சிவந்த முகம், நாய் மயிர் ஒட்டின ஜாக்கெட். அவர் வருஷா வருஷம் ஸ்கொட்லாந்துக்கு மான் சுடப் போய்வந்து எனக்கு ஒரு பின்னந்தொடை கொண்டுவந்து தருவார், கல்லாக உறைந்தபடி. அதை நாங்கள் ஒருநாளும் சமைத்ததில்லை. நான் அதைக் காரில் போட்டு நேரே வெம்பிளியில் யோகராஜா அண்ணை வீட்டில் இறக்கிவிடுவேன். அவர் தேங்காய் வறுத்து அரைத்துப் போட்டுக் கறி வைத்துவிட்டு, போனில் அதன் ருசியை ஒரு மணித்தியாலம் சொல்லுவார். அவர் சொன்னதை அப்படியே நான் ஜெஃப்ரிக்குச் சொல்லுவேன், நாங்களே சமைத்துச் சாப்பிட்ட மாதிரி. ஒன்பது வருஷமாக இப்படித்தான். பொருள் தருகிறவனுடைய மனம் குளிர ஒரு வார்த்தை சொல்வது வியாபாரத்தில் சாதாரணம் என்றுதான் நினைத்திருந்தேன். போன வருஷம் யோகராஜா அண்ணை மகனோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட்டார், அந்த வருஷத்துத் தொடை எங்கள் கராஜ் பிரீசரிலேயே கிடந்துவிட்டது. போன புதன்கிழமை ஜெஃப்ரி போன் எடுத்தார். கடைக் குத்தகை மார்கழியோடு முடிகிறதல்லவா, புதிய பேப்பரைத் தானே ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவருகிறாராம், மனைவியும் வருகிறாவாம், இத்தனை வருஷம் நான் புகழ்ந்த அந்த மான் கறியை ஒருதரம் சாப்பிட்டுப் பார்க்கவேணுமாம். குத்தகை அவர் கையில் இருக்கும்போது நான் என்ன சொல்வது. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஆட்டிறைச்சியை வைத்துச் சமாளிக்கலாமா என்றும் யோசித்தேன், மான் சுடுகிற ஆளுக்கு ஆட்டைக் காட்டி ஏமாற்ற முடியாது. எலும்போடு ஐந்து கிலோ இருக்கும். இந்தக் கவுண்டரில் நின்று இருபத்திரண்டு வருஷமாக எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், அக்கா வெளியில வைச்சு உருக்காதேங்கோ, பிரிட்ஜில கீழ்த்தட்டில ஒரு தட்டத்துக்கு மேல வையுங்கோ, அது தன்ரபாட்டில உருகட்டும் என்று. அந்தக் கணக்கில் ஐந்து கிலோ உருக இரண்டரை நாள் வேண்டும், வியாழன் பின்னேரம் இறக்கினால்தான் ஞாயிறு விடியச் சமைக்கலாம். இடையில் வெள்ளிக்கிழமை. அம்மாவின் விரதம் உனக்குத் தெரியும். முன்பு மச்சம் மாமிசம் தொடாமல் விடுவதோடு சரி, போன வருஷம் உனக்குக் கரு தங்காமல் போனபிறகு வெள்ளியில் ஒருநேரச் சாப்பாடுதான், வியாழன் பின்னேரமே பிரிட்ஜைக் கழுவித் துடைத்துப் பாலும் பழமும் மட்டும் வைப்பார். நான் கேட்டேன், பிரீசரில கிடக்கேக்கை பேசாமல் இருக்கிறீர், கீழ இறக்கினா மட்டும் என்ன எண்டு. அவர் சொன்னார், உறைஞ்சு கிடக்கேக்கை அது கல்லு, இரத்தம் கசியத் தொடங்கினாத்தான் மச்சம், சனி விடியட்டும், பிறகு நீங்கள் யானையையும் கொண்டுவந்து வையுங்கோ. அந்த விரதம் உனக்காக, அதனால் நான் வேறு வழி தேடினேன். கடைக் குளிர் அறைக்குக் கொண்டுபோகவும் பயம், முத்திரை இல்லாத காட்டிறைச்சியைக் கவுன்சில் ஆட்கள் கண்டால் பதில் சொல்ல ஏலாது.

கடைசியில் நான் செய்ததை எந்த மடையனும் செய்யமாட்டான். வியாழன் பின்னேரம் அம்மா விளக்கு வைக்கும் நேரமாகப் பார்த்து, தொடையை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு பின்வளவு ஷெட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். கார்த்திகைக் குளிர் பிரிட்ஜுக்குச் சமம் என்று என் எண்ணம். வெள்ளிக்கிழமை பார்த்தால் வெயில். நவம்பரில் ஆட்கள் ஜாக்கெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். கடையில் உதவிக்கு நிற்கிற ரதீசனுக்குப் பல்வலி, வரவில்லை, கடையில் நான் தனி. கண்ணாடிக் கதவால் வெயில் உள்ளே வந்து அரிசி மூட்டைகளுக்கு மேல் ஏறுகிறது, ஷெட்டின் தகரக் கூரை என் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டுக்குப் பத்து நிமிஷ நடைதான். கடையைப் பூட்டிவிட்டு ஓட முடியவில்லை, அம்மாவுக்குப் போன் எடுத்து ஷெட்டைத் திற என்று சொல்லவும் முடியவில்லை. சனி விடியப் போய்த் திறந்தேன். மூடியை நீக்க முதலே தெரிந்துவிட்டது. வெளிச்சதை நொளுநொளுவென்று விரலுக்குள் போகிறது, தொட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு இரத்தத் தண்ணீர், எலும்புப் பக்கம் இன்னும் ஐஸ். வினாகிரியில் கழுவி, மஞ்சளைப் பூசி, கறுக்க வறுத்த தூளைப் போட்டால் மணம் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்ததை உனக்கு மறைக்கவில்லை. குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பினால் அம்மா பின்னால் நிற்கிறார். வெள்ளிக்கிழமை முழுக்க அது ஷெட்டுக்குள் உருகியது அவருக்கு விளங்கிவிட்டது. ஏசவில்லை. கறுப்புப் பையை விரித்துப் பிடித்து, இதுக்குள்ள போடுங்கோ, நாளைக்குச் சாப்பிட வாற அந்த மனிசிக்கும் பிள்ளையள் இருக்குமெல்லோ என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு மத்தியானம் அவர்களுக்குப் புட்டும் சொதியும் இறால் கறியும்தான். வேறு வழியில்லாமல் ஒன்பது வருஷக் கதையையும் சொல்லிவிட்டேன், குத்தகை போகிறதென்றால் போகட்டும் என்று. ஜெஃப்ரி சிரித்தார், மனைவி அவரைவிடச் சிரித்தா. தன் வீட்டுக்குள் அந்த இறைச்சியை ஒருநாளும் தான் விட்டதில்லையாம், அதனால்தான் மனிசன் ஊரெல்லாம் கொடுத்துத் திரிகிறாராம். இந்த வருஷத்துத் தொடையும் காரில் இருந்தது. போகும்போது ஒரு கையால் குத்தகைப் பேப்பரையும் மறுகையால் அந்தத் தொடையையும் தந்தார், நான் இரண்டையும் நன்றி சொல்லி வாங்கினேன்.

இதற்காக நான் கடிதம் எழுதவில்லை பிள்ளை. சாப்பாட்டு மேசையில் நடந்த ஒன்றுக்காகத்தான். பத்து வருஷத்துக்குக் குத்தகை, இடையில் விட்டுப்போக இடமில்லை, கடை ஒரு கிழமைக்கு மேல் மூடக்கூடாது, வேறு ஆளிடம் விடவும் கூடாது, வேணுமென்றால் கையெழுத்து வைக்க முதல் சொல்லு, மாற்றலாம் என்று ஜெஃப்ரி சொல்ல, நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார், அந்தப் பத்து வருசத்துக்குள்ள ஒரு மாசி மாசம் எங்களுக்கு விடுவாரோ எண்டு கேளுங்கோ. மாசியில் உனக்குப் பிள்ளை பிறக்கும், இதுவரை ஒருநாளும் அவர் வாய் திறந்து ஓக்லாந்துக்குப் போகவேணும் என்று கேட்டதில்லை. முழங்கால் வருத்தத்தோடு தனியாக விமானம் ஏறவும் அவரால் ஏலாது. உன் மனைவி என்ன சொல்லுகிறா என்று ஜெஃப்ரி கேட்டார். இன்னும் கொஞ்சம் சொதி வேணுமோ என்று கேட்கிறா என்று நான் சொன்னேன். இந்தக் கடையில் பதினைந்து வருஷம் நின்ற மனிசிக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்காதா? அம்மா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு சொதிச் சட்டியை எடுத்து ஜெஃப்ரியின் கோப்பையில் ஊற்றினார்.

அது என்னை விடமாட்டேன் என்கிறது. நான் கடையைப் பார்த்துக்கொள்ளுறன் என்று ரதீசன் இரண்டு தரம் சொல்லிவிட்டான், நான் காது கேளாத மாதிரி இருந்தேன். நான் இல்லாமல் ஒரு மாதம் இந்தக் கதவு திறந்து மூடினால் பிறகு நான் எதற்கு என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. போன கிழமை நீ, அப்பா நீங்கள் கடையைப் பாருங்கோ, நாங்கள் சமாளிப்பம் என்று சொன்னாய். அதைப் பிடித்துக்கொண்டு போய், பிள்ளையே வரவேண்டாமாம் என்று அம்மாவிடம் சொன்னேன். நீ அந்தச் சொல்லைச் சொன்னது என் முகத்துக்காக என்று எனக்குத் தெரியும். பேப்பர் இப்போது தராசுக்குக் கீழே கிடக்கிறது, கையெழுத்து வைக்கவில்லை, மாத முடிவுவரை தவணை. எனக்கு நானே ஒன்றைச் செய்யச் சொல்லிப் பழக்கமில்லை, யாராவது கேட்டால்தான் செய்வேன், மாட்டேன் என்று சொல்லவும் தெரியாது, அதை இந்த ஒருமுறை எனக்கு எதிராகப் பாவித்துக்கொள்.

இது உன் கைக்குப் பத்து நாளில் வரும். வந்த அன்றைக்கே போன் எடு, ஸ்பீக்கரில் போடச் சொல்லு, அம்மா கேட்கும்படியாக, அப்பா மாசிக்கு ரெண்டு பேரும் வாங்கோ என்று சொல்லு. நான் சாட்டுச் சொன்னால் விடாதே, திரும்பவும் சொல்லு. கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. இறைச்சி, மீன் எதுவென்றாலும் பிரிட்ஜுக்குள் வைத்தே உருக்கு, அவசரப்பட்டு வெளியில் வைக்காதே, இந்த நேரத்தில் உனக்கு வயிற்றுக் கோளாறு வரக்கூடாது, முகுந்துக்கும் சொல்லிவை. பாரம் தூக்காதே. உனக்கும் பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. புதுத் தொடை கராஜில் பிரீசருக்குள் கிடக்கிறது, போன் வந்தபிறகுதான் அதை யாருக்காவது கொடுப்பேன்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அப்பா
கிருஷ்ணராசா