பார்க்கலாம், எழுத முடியாது

நக்காட்டா பே,
ஜூலை 11

அன்புள்ள தவோங்காவுக்கு,

உன் லுசுங்கு எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீயும் வீட்டாரும் நலந்தானே? இந்தக் காலத்தில் தாளில் கடிதமா என்று சிரிக்காதே.

ஐந்து வருடத்துக்கு முன் உசிபா மீன் வாங்கப் படகுக்குள் எட்டிப் பார்த்தபோது, என் போன் ஏரியில் விழுந்தது. உன் எண்ணும் அதோடு போயிற்று. பிறகு பேச மட்டும் உதவும் சின்ன போன்தான். ஜோகன்னஸ்பர்க்கில் நர்ஸான நீ என்னை மறந்துவிட்டாய் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

போன வாரம் என் கணவர் செகானி எனக்கு நல்ல போன் ஒன்று வாங்கிவந்தார். சந்தையில் போன் பழுதுபார்க்கும் ம்விசா, முதுகில் கட்டிய குழந்தையோடு அரைமணி போராடி, நாம் செய்தியும் படமும் அனுப்பிக்கொண்ட என் பழைய இணையக் கணக்கைத் திறந்துவிட்டாள். உள்ளே உன் செய்திகள் நாற்பத்தொன்று! உன் மகள் படம். அவளுக்கு என் பெயர்! கடையில் நின்றபடியே அழுதுவிட்டேன், போ.

கடைசிச் செய்தி போன மாதத்தது. "ஆகஸ்ட் ஒன்பதாந்தேதி ஊருக்கு வர்றேன். ஜூலைக்குள்ள நீ ஒரு வார்த்தை எழுதலைன்னா, கோபம்னு புரிஞ்சுக்கிட்டு அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று எழுதியிருந்தாய்.

பதில் தட்டினேன். போகவில்லை. நெடுநாள் தொடாத கணக்காம். பார்க்கலாம், எழுத முடியாது. படத்துக்கு விருப்பம்கூடப் போட முடியாது. தினமும் திறந்துவந்தால் முப்பது நாளில் எல்லாம் திரும்புமாம். "நீங்க திருடி இல்லைன்னு ஒரு மாசம் பார்த்துட்டுத்தான் நம்புவாங்களாம் அக்கா" என்றாள் ம்விசா. "என் பேரு, என் மூஞ்சி, நான்தாண்டி!" என்று அந்தப் போனிடமே சண்டை போட்டேன். அவள் கணக்கிலிருந்து அனுப்பியும் பார்த்தோம்; அறிமுகமில்லாதவர் செய்தி உன்னிடம் வராதாம்.

செகானிக்கு ஒரே கொண்டாட்டம். "உன் வாயை ஒரு மாசம் பூட்டிட்டாங்களா? நான் பன்னெண்டு வருஷமா முயற்சி பண்றேன்!" என்கிறார். அன்றைக்கு அவருக்கு வெறும் நசிமாக் களி மட்டும்தான், தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

முப்பது நாள் முடிவதற்குள் ஜூலை முடிந்துவிடும். அதனால் நீ சீருடையில் நிற்கும் படத்தைப் பெரிதாக்கி, பின்னாலிருந்த பலகையில் மருத்துவமனைப் பெயரைப் படித்தோம். முசூசுவிலிருந்து அங்கே பேருந்து ஓட்டும் பிரி அண்ணன் இதைக் கொண்டுவருகிறார். "நர்ஸம்மா கையில குடுத்துட்டுத்தான் திரும்புவேன்" என்று சத்தியம் செய்திருக்கிறார்.

கோபமா என்று நாற்பத்தொரு தடவை கேட்டிருக்கிறாய். நான் ஒரு தடவைகூட உன்னைத் தேடவில்லையே, தவோ. அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, ஆனால் நேரில் வந்து திட்டு. ஒன்பதாந்தேதி காலையிலிருந்து பேருந்து நிலையத்தில் நிற்பேன். நீ வரும்வரை நிற்பேன்.

குட்டி லுசுங்குவுக்கு என் முத்தங்கள். கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உன்,
பெரிய லுசுங்கு