தாழ்த்திய கட்டில்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். தீவிர சிகிச்சைப் பிரிவில், தலையில் அடிபட்டு மூளை வீங்கி நினைவின்றிக் கிடக்கிறார் ஒருவர். அப்பா சாயல். வீக்கம் ஏறாதிருக்க அவர் கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். நேற்று முதுகு துடைக்கத் தாழ்த்தியவள், அப்பா மாதிரியே தூங்குகிறாரே என்று பார்த்து நின்றதில் உயர்த்த மறந்துவிட்டேன். மூளை அழுத்தம் எகிறி மானிட்டர் அலறியது.

மூத்த நர்ஸ் ஓடிவந்து உயர்த்தினார். "மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னா ஆச்சா? மானிட்டர யாரு பாக்குறது?"

அழுத்தம் இறங்கிவிட்டது, பயப்படாதே. ஆனால் மாலையில் அவர் மனைவி என் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது கூசிப்போனேன்.

அப்பா தூங்கும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. டூட்டிக்கு நேரமாகிவிட்டது. என் மகள் உயிர் காக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்வாயே, இந்த வாரம் மட்டும் சொல்லாதே அம்மா.