தலை நனையாத முழுக்கு

கரியாலூர்
12.7.2024

அன்புள்ள ஆயாவுக்கு,

தேவிப்ரியா எழுதுவது. மலையில் டவர் இல்லை. இருந்தாலும் போனில் நீ "இன்னா? இன்னா?" என்று கேட்பதிலேயே நேரம் போய்விடும். அதனால் கடிதம்.

கள ஆய்வுக்காக இந்த ஊரிலேயே தங்கியிருக்கிறேன். மானிடவியலில் இதுதான் வேலை. ஒரு சனத்தோடு இருந்து, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் வாழ்வதைப் பார்த்து எழுதுவது. நமக்கு விவரம் சொல்கிறவரைத் தகவலாளி என்போம். தகவலாளி சொன்னதைத் திருத்தக் கூடாது, சொன்னபடியே எழுத வேண்டும்.

ஊரார் குடும்பத்தைக் கேட்கும் முன் சொந்தக் குடும்பத்துக்கு உறவுமுறைப் படம் வரையச் சொல்லியிருக்கிறார் பேராசிரியர். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் குறுக்கே ஒரு கோடு. உன்னைப்போல் ஞாபகமுள்ள தகவலாளி எனக்கு எங்கே கிடைப்பார்? யார் யார் என்று எழுதி அனுப்பு.

உன் பேத்தி
தேவிப்ரியா

உ

மணலூர்பேட்டை
18.7.2024

தேவிப்ரியாவுக்கு ஆயா எழுதிக்கொண்டது. உன் அப்பன் தனசேகரன் சுகம். கறவை மாடு சுகம். என் முட்டியைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

உன் தாத்தா முக்கோணம். கோடு போட்டுக்கொள். அவர் தங்கச்சி வட்டம். சின்ன வட்டமாய்ப் போடு. என் கல்யாணப் பந்தியில் என் அப்பாவுக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் நகர்ந்து போனவள். "மறந்துட்டேன் அண்ணி" என்றாள். அப்பளக் கூடை அவள் இடுப்பில்தான் இருந்தது.

எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் உன் அப்பன். மகள் பாப்பாத்தி செத்துப்போனாள். அந்த வட்டத்தின் மேலும் கோடு போடு. கரும்பு வெட்ட மலையிலிருந்து வந்தவனோடு அவள் போனதும், பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு பெண்ணையாற்றுக்குப் போய், எள்ளும் தண்ணீரும் இறைத்து அவளைத் தலைமுழுகிவிட்டோம். உயிரோடு இருந்தாலும் அன்றோடு சாவுதான். அதற்கும் உன் புத்தகத்தில் ஒரு பேர் இருக்கும். இருக்கட்டும். நீ அவள் பேரைத் திரும்பக் கேட்காதே.

மலைச் சனம் கொடுக்கிறதையெல்லாம் வாங்கித் தின்னாதே.

தனசேகரன் அம்மா
ராஜாம்பாள்

கரியாலூர்
30.7.2024

அன்புள்ள ஆயா,

முட்டி எப்படி இருக்கிறது? தன் சனத்தின் வழக்கத்தை அளவாக வைத்து அடுத்தவரை அளப்பதை எங்கள் பாடத்தில் இனமைய நோக்கு என்பார்கள். அதற்கு உன் கடைசி வரியையே உதாரணமாக வைத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே. அதைவிடப் பெரிய கோபத்துக்கு இப்போது ஆளாகப் போகிறேன்.

இங்கே வீடு வீடாகப் போனபோது, கடுக்காய் காயப்போட்டிருந்த ஒரு வாசலில் ஒரு அம்மா என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "ராஜாம்பா பேத்தியா? மூக்கே சொல்லுது" என்றார். பாப்பாத்தி அத்தை.

அவர் கணவர் பாவாடை போன வருஷம் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. கொழுந்தனார் வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். வயிற்றில் கட்டி, ஆயா. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

தனக்கும் ஒரு படம் வரையச் சொன்னார். உன் வட்டத்தை வரைந்ததும், "எங்கம்மா இருக்காங்க. கோடு கீடு போட்டுடாத" என்றார். அப்புறம் சொன்னார்:

"நீங்கல்லாம் எனக்குத் தலைமுழுகுன அன்னிக்கி நான் எதிர்க்கரையில நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். அல்லாரும் முழுகுனாங்க. எங்கம்மா மட்டும் தலைய நனைக்கல. கழுத்து வரைக்கும் எறங்கி ஏறிடுச்சி. எனக்கு அது போதும்."

உன்னை வரச் சொல் என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். கள்ளக்குறிச்சி வந்தால் இங்கே பஸ் இருக்கிறது. முடியாவிட்டால் ஒரு வரி எழுது. படித்துக் காட்டுகிறேன்.

தேவிப்ரியா

உ

மணலூர்பேட்டை
6.8.2024

தேவிப்ரியாவுக்கு,

உன்னைப் படிக்க அனுப்பினோமா, புதைத்ததைத் தோண்ட அனுப்பினோமா?

செத்தவளுக்கு வயிற்றில் கட்டி வராது. நான் வரமாட்டேன். அவளுக்கு வரி எழுதவும் மாட்டேன். உன் அப்பன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டையை மாட்டினான். "எங்கடா?" என்றேன். "கடைக்கிம்மா." "கடைக்கிப் போறவனுக்கு இன்னாத்துக்குடா கண்ணுல தண்ணி?" சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான்.

அவள் போன அன்று அவளுக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். "தண்ணி எத்துக்கினு வந்துர்றேம்மா" என்று குடத்தோடு போனாள். குடம் கரும்புக் கொல்லை வரப்பில் கிடந்தது. குழம்பு சுண்டி அடிப்பிடித்துப் போனது. அவன் எந்தச் சனம் என்பதை ஊர் பேசிக்கொண்டது. எனக்கு அது இல்லை. என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாள் பார், அது எனக்கு ஆறவில்லை. ஆறாது.

அங்கே சமைக்கிறவர்களிடம் ஒன்று சொல்லி வை. துவரம் பருப்பு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றை உப்பும். பாசிப்பருப்பு போட்டுக் கஞ்சி வைக்கலாம். இது அவளுக்காகச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

தனசேகரன் அம்மா
ராஜாம்பாள்

கரியாலூர்
25.8.2024

ஆயா,

அத்தை நேற்று முன்தினம் போய்விட்டார். டவர் கிடைக்கிற இடம் வரை இறங்கிப் போய் அப்பாவுக்குப் போனில் சொன்னபோதே உனக்கும் தெரிந்திருக்கும். "ஆயாவ மீறி எப்டிம்மா வர்றது" என்று அழுதார்.

பாசிப்பருப்புக் கஞ்சி யார் சொன்னது என்று அத்தை கேட்டிருந்தார். சொன்னேன். அன்றைக்குத்தான் கிண்ணத்தைக் காலி செய்தார்.

பிறந்த வீட்டுப் புடவைக்காகக் காத்திருந்தார்கள். "பொறந்த வூட்லேர்ந்து ஒருத்தரும் வர்லியா?" என்று ஒரு கிழவி கேட்டாள். நான் நோட்டும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தேன். கூட இரு, பார், ஆனால் அவர்கள் காரியத்தில் கைவைக்காதே என்பார் பேராசிரியர். நோட்டை மூடினேன். பொங்கலுக்கு நீ எடுத்துத் தந்து நான் இன்னும் கட்டாமல் வைத்திருந்த புடவையைக் கொண்டுவந்து போர்த்தினேன். "வந்துட்டாங்க" என்றாள் கிழவி. அதற்கப்புறம்தான் எடுத்தார்கள்.

நம் வீட்டுப் படத்தில் நீ சொல்லி அத்தைமேல் போட்ட கோடு இருக்கிறது. அதை என்ன செய்வது?

தேவிப்ரியா

மணலூர்பேட்டை
1.9.2024

தேவிப்ரியாவுக்கு,

இதன் தலையில் பிள்ளையார் சுழி இல்லை. தீட்டு வீட்டுக் கடிதத்தில் போடுவதில்லை.

என்னைக் கேட்காமல் நான் எடுத்த புடவையைப் போர்த்தியிருக்கிறாய். வருகிற பொங்கலுக்கு உனக்குப் புடவை கிடையாது.

அவள் பார்த்தது தப்பு. நான் முழுகினேன். மயிர்க்கால் நனைய முழுகினேன். காதில் தண்ணீர் போய், அந்த மழைக்காலம் முடிகிற வரைக்கும் வலித்தது. எனக்கு எதுவும் மறக்காது. ஆற்றில் அன்றைக்கு வெள்ளம். எதிர்க்கரை தூரம். அழுதுகொண்டே பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தெரியும். நடக்காத ஒன்றைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள், பைத்தியக்காரி.

போன் வந்த அன்று நான் ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்து சோறு தின்றேன். உன் கடிதம் வந்ததும் அடுப்பை அணைத்தேன். ஆற்றில் மணல்தான் கிடக்கிறது, அதனால் மோட்டார் கொட்டகைத் தொட்டிக்குப் போனேன். உன் அப்பன் பின்னாலேயே ஓடிவந்தான். "இன்னாம்மா பண்ற? யாருக்கு இது?" என்றான். "ஒன் தங்கச்சிக்குத்தான்டா. வாய மூடிக்கினு மொண்டு ஊத்து" என்றேன். ஊற்றினான். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. அவன்தான் தூக்கி வந்தான்.

வழியில் எதிர்வீட்டுக்காரி, "இன்னா ராஜாம்பா, யாரு போய்ட்டாங்க?" என்றாள். "எம் பொண்ணு" என்றேன். "அது அப்பவே..." என்று இழுத்தாள். அவளை ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

நீ போட்ட கோட்டை அழி. அழித்துவிட்டு அதே இடத்தில் இந்த ஆவணிக்குப் போடு. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது.

ஒரு ஆளுக்கு ஒரு முழுக்குத்தான். இப்போது முழுகிவிட்டேன். அப்படியென்றால் அன்றைக்கு முழுகியது முழுக்கில்லை. தகவலாளி சொன்னதைத் திருத்தக் கூடாது என்று எழுதியிருந்தாய் அல்லவா. நீ திருத்தாதே. அம்மாவுக்குத் தலை நனையவில்லை என்றே எழுது.

பாப்பாத்தி அம்மா
ராஜாம்பாள்