ஒரு மாதம் தூக்காத கைகள்

அப்பா,

மூன்று நாளாக மழை விடவில்லை. துவைத்துப் போட்டது எதுவும் காயவில்லை. மகளுக்கு மாற்றிவிட ஏதாவது கிடைக்குமா என்று இன்று காலை அல்மாரியின் அடித்தட்டைக் கிளறினேன். பழைய நாப்பித் துணிகள் ஒரு கட்டாக இருந்தன. அவளுக்கு இப்போது ஒன்றரை வயது, அவை எதற்கும் ஆகாது. இருந்தாலும் எடுத்து முகர்ந்து பார்த்தேன். விறகுப் புகை வாடை இன்னும் போகவில்லை. குசினி அடுப்புக்கு மேலே கயிறு கட்டி நீங்கள் உலர்த்திய துணிகள் அவை. பிள்ளைத் துணியில் இப்படிப் புகை நாறுகிறதே என்று நான் அப்போது சொன்னதற்கு, "புகையில காஞ்ச துணியில பூச்சி அண்டாதும்மா" என்றீர்கள். உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

கட்டை மூடிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அழுகை வருமோ என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. பரவாயில்லை, எழுதுகிறேன்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடமாகியிருந்தது. எனக்கு நாள் நெருங்கியபோது லீவு கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலையில் இருந்தார். பிள்ளை பிறந்த பிறகு நான்கு நாள்தான் வர முடியும் என்றார். ஆக, என்னோடு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வந்தவர் நீங்கள். எல்கடுவ மலையிலிருந்து இறங்கும் அந்த வளைவுகள் முழுக்க த்ரீவீலின் முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, டிரைவரிடம் "மெதுவா தம்பி, மெதுவா" என்றும், என் பக்கம் திரும்பும்போதெல்லாம் "வேகமா போகச் சொல்லவா?" என்றும் கேட்டுக்கொண்டே வந்தீர்கள்.

ஒரு பகலும் ஓர் இரவும் வலி. பிறகு ஆபரேஷன் என்றார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போக ஊசி போட்டார்கள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் என்னை இழுப்பதும் அசைப்பதும் தெரிந்தது, வலி தெரியவில்லை. அழுகைச் சத்தம் கேட்டது. நர்ஸ் ஒருவர் பிள்ளையைக் கொண்டுவந்து என் கன்னத்தோடு வைத்து, சிங்களத்தில், பெண் பிள்ளை, பார் என்றார். பார்த்தேன். சிவந்த முகம், ஒட்டிய முடி. எதுவோ நடக்கும், உள்ளே எதுவோ திறக்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சுவரில் இருந்த மணிக்கூட்டின் நொடி முள் நினைவிருக்கிறது. அது துடித்துத் துடித்து நகர்ந்தது. ஊசியின் மரப்பு மாலையில் இறங்கிவிட்டது. மற்ற மரப்பு அப்படியே நின்றுவிட்டது.

பார்வையாளர் நேரத்துக்கு பிளாஸ்க்கில் கொத்தமல்லித் தண்ணீரோடு வந்தீர்கள். வெள்ளைச் சட்டை, வெளுத்த சாரம். வார்டு முழுக்க அம்மாக்களும் மாமியார்களும். அவர்களுக்கு நடுவே பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகத் தேடினீர்கள். வயசான நர்ஸ் ஒருவர், பிள்ளையைக் கவனிக்க இவளுடைய அம்மா எங்கே என்று கேட்டார். "மம தமய் அம்மா" என்றீர்கள், நான்தான் அம்மா என்று. வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன் போல. வாயை அப்படி வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

தேயிலை பெக்டரியில் முப்பது வருடம் அடுப்புக்கு விறகு தள்ளிய கை உங்களுடையது. பென்ஷனுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கையால் மிளகையும் பூண்டையும் வறுத்து அரைத்து எனக்குக் குழம்பு வைத்தீர்கள். வெந்நீர் வைத்தீர்கள். விடிவதற்கு முன் பீலிக்குப் போய், தண்ணீர் விழும் கல்லில் என் துணிகளைத் துவைத்தீர்கள். ரத்தத் துணிகள். வேண்டாம் அப்பா, வெட்கமாக இருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வயிற்றில் தையலோடு என்னால் குனியவே முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

"எண்ண, கரி, கிரீஸ் எல்லாம் தொவச்சவன் நான். இதுல என்னா இருக்கு?"

பிள்ளையைக் குளிப்பாட்ட மட்டும் எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவிலிருந்து ராணி அக்கா வந்தாள். அவள் கொழுந்து எடுக்கப் போகிறவள். காலையில் அரைமணி நேரம்தான் ஒதுக்க முடிந்தது. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். நீங்கள் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, வாசலில் பலகையைப் போட்டு, கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்துவிட்டீர்கள். பேத்தியைக் கணுக்காலில் குப்புறப் போட்டு, ஒரு கையால் தாடையைத் தாங்கி, வேப்பிலைத் தண்ணீரைச் சிரட்டை சிரட்டையாக ஊற்றினீர்கள். லயத்துப் பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் கூடையோடு நின்று பார்த்தார்கள்.

"ஏய் இங்க வந்து பாருங்கடி! தாத்தா குளிப்பாட்டுற கூத்த!"

"மூக்குல தண்ணி போயிரும் மாமா, கைய குமிச்சு வைங்க!"

"நீங்க மலைக்குப் போங்க. நேரமாச்சுன்னா பேர் விழாம இன்னைக்கு சம்பளம் போயிரும்" என்றீர்கள், தலையைத் தூக்காமலே. அடுத்த நாள் ராணி அக்கா எழுந்து வந்தபோதும் நீங்கள் விடவில்லை. நான் கதவில் சாய்ந்து நின்று அதை வேறு யாருடைய வீட்டு வாசலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரிக்கிறார்கள், நல்ல காலை, வெயில் இருக்கிறது, இதெல்லாம் தெரிந்தது. என்னை எதுவும் தொடவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. பால் கொடு என்றால் கொடுத்தேன். தூக்கு என்றால் தூக்கினேன். அவர் நான்கு நாள் வந்து, பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு நூறு படம் எடுத்து, அழுதுகொண்டே கொழும்புக்குப் போனார். அவருடைய கண்ணீரைப் பார்த்து, இவருக்கு எப்படி வருகிறது என்று யோசித்தேன். அம்மா தினமும் வீடியோவில் வந்தாள். போன் முழுக்க அவள் உதடுதான் தெரியும், அப்படி முத்தம் கொடுப்பாள். "சந்தோஷமா இருக்கியா புள்ள?" என்று கேட்பாள். "இருக்கேம்மா" என்பேன். தகரக் கூரையில் ஆணி போட்ட இடங்களை எண்ணுவேன். இத்தனை நாள் கழித்தும் அந்தக் கூரையில் எந்த ஆணி துருப்பிடித்தது என்று என்னால் சொல்ல முடியும். அந்த வாரங்களில் மகளுடைய முகம் எப்படி இருந்தது என்பதைப் படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள், சாமான் வாங்க மாத்தளைக்குப் போயிருந்தீர்கள். பகல் இரண்டு மணி இருக்கும். லயத்தில் பெண்கள் யாரும் இல்லை. பிள்ளை அழத் தொடங்கியது. பால் கொடுத்தேன், குடிக்கவில்லை. தோளில் போட்டேன், நிறுத்தவில்லை. பாய் நடுவில் படுக்கவைத்தேன், இரண்டு பக்கமும் தலையணை வைத்தேன். அதைக் கவனமாகத்தான் செய்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் ரோட்டுக்கு வந்துவிட்டேன். காலில் செருப்பில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தேன். எங்கே போகலாம் என்றுகூட யோசித்திருக்கவில்லை. எந்தப் பக்கத்துப் பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறுவேன் என்று மட்டும் இருந்தது.

மாத்தளைப் பக்கமிருந்து பஸ் வந்தது. எழுந்து நின்றேன். அதிலிருந்து இரண்டு பைகளோடு நீங்கள் இறங்கினீர்கள்.

என் காலைப் பார்த்தீர்கள். பால் கசிந்து நனைந்திருந்த சட்டையைப் பார்த்தீர்கள்.

"புள்ள எங்க?"

"வீட்டுல."

"யாரு பாத்துக்கிறா?"

"யாருமில்ல."

பைகள் இரண்டும் ரோட்டில் விழுந்தன. நீங்கள் ஓடினீர்கள், அப்பா. என் வயதுக்கு நீங்கள் ஓடி நான் பார்த்ததே இல்லை. சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி, நடுவில் ஒருமுறை தேயிலைச் செடியைப் பிடித்துக் குனிந்து நின்று, மறுபடியும் ஓடினீர்கள். கண்டக்டர் "ஏறுறீங்களா இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ரோட்டில் சிதறியிருந்த பருப்பு, பேபி சோப்பு, எனக்காக வாங்கியிருந்த கருவாடு எல்லாவற்றையும் பொறுக்கிப் பைகளில் போட்டுக்கொண்டு மெதுவாக ஏறி வந்தேன்.

அழுது அழுது தூங்கிப்போன பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. திட்டுவீர்கள் என்று நின்றேன். அடித்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது, ஏதாவது உறைக்கட்டும் என்று. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து, "உக்காரும்மா" என்றீர்கள்.

"நீ பொறந்து ஒரு மாசம் நான் ஒன்னைய தூக்கல" என்றீர்கள்.

என்னை முதலில் வாங்கியது நீங்கள்தான் என்று அம்மா சொல்லி வளர்ந்தவள் நான். உங்களையே பார்த்தேன்.

"எல்லாரும் ஆம்பளைக்கு பயம், பச்சப்புள்ளைய தூக்கத் தெரியலன்னு நெனச்சாங்க. நானும் அப்புடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். பயமில்ல. வெறுப்புமில்ல. ஒன்னுமே இல்லம்மா. அடுத்த காம்பரா புள்ளைய பாக்குற மாதிரி இருந்துச்சு. வேலைக்குப் போவேன், வருவேன். ஒங்கம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் நான் இத சொன்னதில்ல."

"அப்புறம் எப்ப வந்துச்சு?"

"தெரியல. எந்த நாளுன்னு சொல்லத் தெரியல. ஒரு நாள் பாத்தா இருந்துச்சு." பிறகு சொன்னீர்கள்: "எனக்கு பெக்டரி இருந்துச்சு, ஓடிப் போய் ஒளிஞ்சுக்க. ஒனக்கு எங்க இருக்கு?"

மறுநாள் மிட்வைப் மிஸ் வீட்டுக்கு வந்தபோது, பிள்ளையின் எடையைப் பற்றி அவர் பேசத் தொடங்குமுன், "மிஸ், புள்ள நல்லாத்தான் இருக்கு. எம் மகளுக்குத்தான் சரியில்ல. அவளை பாருங்க" என்றீர்கள். ஒன்றையும் மறைக்கவில்லை, ரோட்டில் நின்றதைக்கூட. அவர் என்னிடம் நிறையக் கேள்வி கேட்டார். அதில் ஒரு கேள்விக்கு நான் ஆமாம் என்றபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மாத்தளையில் ஒரு டாக்டருக்குக் கடிதம் தந்தார். ராணி அக்கா இது ஏதோ பார்வை, மந்திரித்து நூல் கட்ட வேண்டும் என்றாள். "நூலையும் கட்டுவோம், மாத்திரையும் போடுவோம்" என்றீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்னோடு பஸ்ஸில் வந்து, டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் பேத்தியோடு உட்கார்ந்திருப்பீர்கள். உள்ளே என்ன பேசினேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நான்காம் மாதத் தடுப்பூசியின்போது என்று நினைக்கிறேன். ஊசி இறங்கியதும் அவள் வீறிட்டாள். என் கை அவளுடைய தொடையைப் பொத்திக்கொண்டிருந்தது. யாரும் வைக்கச் சொல்லவில்லை. அது எப்போது அங்கே போனது என்று எனக்கே தெரியாது. நிமிர்ந்தேன். நீங்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உடனே முகத்தைத் திருப்பி, சுவரில் ஒட்டியிருந்த எதையோ வாசிப்பதுபோல நின்றீர்கள்.

அவளுக்கு ஏழு மாதம் நடக்கும்போது நீங்கள் போய்விட்டீர்கள். பகல் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சு அடைக்கிறது என்றீர்கள், தண்ணீர் கேட்டீர்கள். தோட்டத்து லொறியில் ஏற்றினோம். பாதி வழிகூடத் தாண்டவில்லை. நாள்பட்ட அடைப்பு, எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். பிள்ளைக்காக நீங்கள் அன்று ஓடி ஏறிய படிகளை அவரிடம் நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றிருப்பார். செடியைப் பிடித்துக் குனிந்து நின்றீர்களே, அந்த இடத்தைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் நான் பஸ்ஸுக்குப் போகிறேன்.

அம்மாவால் வர முடியவில்லை. போனைப் பிடித்து உங்கள் முகத்தை அவளுக்குக் காட்டினேன். கை ஆடாமல் பிடித்திருந்தேன். "அழுதுரு புள்ள, அழுதுரு" என்று ராணி அக்கா என் முதுகில் குத்தினாள். இவள் கல்லு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மகளுக்குப் பசிக்கும் நேரம் ஆனதும் எழுந்து உள்ளே போய்க் கொடுத்தேன். மாத்திரை நிறுத்தி இப்போது பல மாதமாகிறது. மகள் சிரித்தால் எனக்குத் தெரிகிறது, காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். உங்கள் விஷயத்தில் மட்டும் எல்லாம் இன்னும் அந்தப் பச்சைத் துணிக்கு மறுபக்கம்தான் நடக்கிறது. இழுப்பது தெரிகிறது. வலி தெரியவில்லை.

நீங்கள் அன்று சொன்னதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் என்னுடையதை வேறொருத்தியிடம் சொன்னேன், அப்பா.

போன மாதம் கிளினிக் நாளில், கீழ் லயத்துப் பெண் ஒருத்தி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. ஒரு மாதப் பிள்ளை, மடியில் ஒரு பார்சல்போல இருந்தது. அப்பன் ஜாடை என்று யாரோ சொல்ல, அவள் சிரித்தாள். அந்த வாய் எனக்குத் தெரிந்த வாய். அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். பிறகு சத்தமில்லாமல், "எனக்கு எம் மகளை பாத்து நாலு மாசம் ஒன்னுமே தோணல. ஒரு நாள் வீட்டுல தனியா விட்டுட்டு ரோட்டுக்குப் போயிட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் புடிங்க அக்கா" என்று பிள்ளையை என் கையில் தந்துவிட்டு எழுந்து வெளியே நடந்தாள்.

என் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை தூங்கியது. நம்பர்கள் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். மிட்வைப் மிஸ்ஸை அருகே கூப்பிட்டு, "மிஸ், இந்தப் புள்ளையோட அம்மாவ பாருங்க" என்றேன். அவர் வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மழையில் ரோடு காலியாக இருந்தது. ஒரு பஸ் வந்து நின்று போனது.

அந்தப் பிள்ளையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். தலையெல்லாம் நனைந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் மறுபடியும் உட்கார்ந்தாள்.