கருவாட்டின் மேல் போட்ட பழி

ஜூன் 9, திங்கள்

விமானத்துக்குள் அடித்த வாடையை என் கருவாட்டின் மேல் போட்டார்கள். இதுதான் நடந்த அநியாயம். சிங்கப்பூரில் மகன் ஃபிரெடி வீட்டில் இருபது நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் ஆவூர் திரும்பினோம். மனசு இன்னும் ஆறவில்லை.

போகும்போது, திருச்சியில் விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. சூடேறிய ஆயிலும் நனைந்த சாக்கும் கலந்த மாதிரி. பக்கத்தில் என் மனைவி ஜெபமாலைக்குக் கண் எரிந்தது. பணிப்பெண்ணிடம், “இது எஞ்சின் ஆயில் வாடைம்மா” என்றேன். சட்டையில் ஹரிணி என்று பெயர். பின் சீட்டுக்காரன், “பெருசு, மேல ஒம் பையப் பாரு. கருவாடு கமகமங்குது” என்றான். சுற்றிலும் சிரிப்பு.

“பைல கருவாடு இருக்கா சார்?” என்று அந்தப் பெண் கேட்டது. இருக்கிறது என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி விமானத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார்கள். அதன் பிறகும் அரை மணி நேரம் அதே வாடை. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 10

ஒன்றை எழுதாமல் விட்டேன். ஃபிரெடி வீட்டில் அந்தப் பையைத் திறந்தால் முறுக்கும் அதிரசமும்தான். கருவாட்டை ஜெபமாலை பெரிய பெட்டிக்கு மாற்றியிருக்கிறாள். அது கீழே சரக்கோடு வந்தது. “அன்னைக்கே சொன்னேன், ஒங்க காதுல ஏறல” என்கிறாள்.

நாற்பது வருஷம் பம்புசெட் எஞ்சின் பிரித்தவன் நான். யாரும் கற்றுத் தரவில்லை. மோந்து மோந்துதான் படித்தேன். கருவாடு என்றதும் ஏன் தலை குனிந்தேன்? எதுக்குக் கூசுச்சு?

ஜூன் 11

கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். அதில் குற்றம் சொன்ன முதல் ஆள் ஹரிணி.

“பம்புசெட்டு பாத்த மூக்கு இப்ப பிளேனுக்கு வைத்தியம் பாக்குதாக்கும்” — ஜெபமாலை.

ஜூன் 24

பதில் வந்தது. ‘வாடைக்குக் காரணம் பயணியின் உணவுப் பொருள். பயணியே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்.’

அப்படியானால் எஞ்சினை யாரும் பார்க்கவே இல்லை. விமானத்துக்குள் வரும் காற்று எஞ்சின் வழியாகத்தான் வருகிறது என்று ஃபிரெடி போனில் படித்துக் காட்டினான். அந்த விமானம் இன்றைக்கும் ஆளை ஏற்றிக்கொண்டு பறக்கிறது — என் ஒரு மன்னிப்பை நம்பி.

ஜூன் 25

விட மாட்டேன்.

ஜூலை 3

புகாரில் இருந்த நம்பரைப் பார்த்து ஹரிணி கூப்பிட்டது. திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் அந்தப் பெண்ணே பேச ஆரம்பித்தது.

“ஐயா, அன்னைக்கு எனக்கும் தலை சுத்துச்சு. கருவாடுன்னே எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். போன வாரம் அதே பிளேன், அதே வாடை. நான் மயங்கி விழுந்துட்டேன். இப்ப ஆயில் வாடைன்னு சொன்னா, ‘நீதான கருவாடுன்னு எழுதுன’ங்கிறாங்க. நீங்க அன்னைக்குச் சொன்னத எழுதித் தருவீங்களா?”

“எங்கதையும் அதேதாம்மா, நான் கேட்ட மன்னிப்பையே எனக்கு எதிராக் காட்டுறாங்க” என்றேன்.

ஜூலை 4

யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். கம்பெனி: பதிவேட்டில் கருவாடு என்றிருப்பதை அடித்து நீக்க வேண்டும். மெக்கானிக்குகள்: எஞ்சினில் ஆயில் கசியாமல் பிடிக்கும் ‘சீல்’ வளையத்தைப் பிரித்துப் பார்க்கும்வரை அந்த விமானத்தை விடக் கூடாது. பணிப்பெண்கள்: வாடை வந்த நிமிஷமே பைலட்டிடம் சொல்ல வேண்டும்; பயணியின் பையைத் தேடுவது அப்புறம். ஹரிணி: டாக்டரைப் பார்த்து, அவர் எழுதித் தரும் சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

ஜெபமாலை: கருவாடு பெட்டிக்கு மாறியதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். போடுகிறாளாம். “அதிரசம்னும் எழுதுங்க.”

நான்: புகாரிலிருந்து ஹரிணி பெயரை எடுக்க வேண்டும். அன்று கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும்.