வளைவில்லாத ஊரில் சொக் பார்த்த கிழமை

ஆகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து வரும் சூடு. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. வேலைக்கு லீவு போட்டேன். இன்று நாவற்குடாவுக்குத் என் தண்ணீர் பவுசர் லொறி வராது, ஏசுகிறவர்கள் ஏசட்டும்.

மகள் துஷியின் காரைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன். சிவப்பு. சின்னது. ஏறும்போது குனிய வேண்டும், இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். ஓட்டக் கெட்டிக்கார வண்டி என்கிறாள். கராஜ்காரர் சலீம் காக்கா கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்தார். நான்கு சக்கரத்திலும் குலுக்கல் தாங்குகிற சொக் முடிந்ததாம். முன்னிரண்டிலும் எண்ணெய் கசிவு.

“அண்ணன், ரெண்டு சாதி இரிக்கி. ஒண்டு, கம்பனிக்காரன் போட்ட மாதிரி மெதுவான சொக், நெடுப்பமான ஸ்பிரிங். குழி தெரியாது. ஆனா வளைவுல வண்டி சாயும். மத்தது கட்டை ஸ்பிரிங், கேஸ் சொக். சாயாது. ஆனா றோட்டுல கிடக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் நீங்க பேர் வைப்பீங்க.”

“எது நல்லம் காக்கா?”

“ஓட்டுற ஆளப் பொறுத்து.”

“ஓட்டுறது மகள்.”

“அப்ப மகளக் கேளுங்க.”

“மகள் கட்டை எண்டுறாள். தாய் மெதுவானது எண்டுறா.”

“நீங்க?”

தேத்தண்ணீரைக் குடித்தேன்.

மூன்றாவது சாதியும் உண்டாம். உயரமும் இறுக்கமும் திருகித் திருகி மாற்றலாம், பல நிலை. வேண்டாம் காக்கா, இரண்டிலேயே தலை சுற்றுகிறது என்றேன். கடைசியில் மனிதர் பெரிய மனது பண்ணினார். இரண்டும் அவரிடம் இருக்கிறது. முதலில் மெதுவானது இரண்டு நாள், பிறகு கட்டையானது இரண்டு நாள். பிடித்தது இருக்கட்டும், மற்றதைத் திருப்பித் தாங்க என்றார்.

இந்தப் புத்தகத்தில் சுருக்கமாக: மெதுவானது = மெத்தை. கட்டையானது = கல்.

ஏன் இவ்வளவு பாடு என்பதையும் எழுதி வைக்கிறேன். துஷிக்குப் பசறைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்தாளர் வேலை. ஞாயிறு போய், திங்கள் கடமை ஏற்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் தனியே கார் ஓட்டி வீட்டுக்கு வருவாளாம். பிபிலைக்கு அங்கால் முழுக்க மலை வளைவு. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மெத்தை போட்டாச்சு.

வளைவில் எப்படி என்று பார்க்க வேண்டும். வளைவுக்கு எங்கே போவது? நம்முடைய ஊர் கடலுக்கும் வாவிக்கும் இடையில் நாடா போல நீட்டிக் கிடக்கிறது. றோட்டும் அப்படியே. இருபத்திரண்டு வருடம் பவுசர் ஓட்டினேன், நான் ஏறிய பெரிய மலை கல்லடிப் பாலம்.

யோசித்து ரவுண் கடைத்தெருவுக்குப் போனோம். மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றினோம். துஷி ஓட்டினாள், நான் பக்கத்தில். நான்காவது சுற்றில் பொலிஸ்காரர் கையைக் காட்டினார்.

“என்ன ஐயா, வெளிய போற வழி தெரியல்லையா?”

“இல்ல சேர், சுத்திக் கிறுகிப் பாக்கிறம்.”

“எதக் கிறுகி?”

“சொக் சேர்.”

அவர் என் வாயை மோந்து பார்த்தார். பிறகு துஷியைப் பார்த்து, “அப்பாவக் கவனமா வீட்ட கொண்டு போங்க தங்கச்சி” என்றார். வரும் வழியெல்லாம் சிரித்தாள்.

குறிப்பு, மெத்தை:
குழியில் நல்லம்.
சுற்றும்போது வெளிப்பக்கம் சாய்கிறது. என் தோள் கதவில் முட்டியது.
திருப்பினால் முகப்புச் சொல் கேட்கிறது, ஆனால் கொஞ்சம் யோசித்துத்தான் கேட்கிறது. இது துஷி சொன்னது.
எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்த மாதிரித் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வேலை. வெயில். ஆரையம்பதியில் இரண்டு நடை.

பவுசரைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். நிறைந்த டேங்க் சாயாது. வெறும் டேங்க்கும் சாயாது. அரை டேங்க்தான் சனியன். நாம் கிறுகி முடிந்த பிறகுதான் தண்ணீர் கிறுகும், அப்போது வண்டியை இழுக்கும். இரவுச் சாப்பாட்டில் இதைத் துஷிக்குப் பெரிய விளக்கமாகச் சொன்னேன். பிளேன்டீ கிளாஸைச் சாய்த்தும் காட்டினேன். பாயில் ஊற்றுப்பட்டது.

“அப்பா, நான் தண்ணி கொண்டு போகல்ல.”

மனைவி மலர், “புள்ள, நான் தயிர்ச் சட்டி ரெண்டு தந்து விடுவன். அது உடையாமப் போய்ச் சேர்ற சொக்க போடச் சொல்லு” என்றாள். இவளுடைய கணக்கு இவளுக்கு. இவளாவது என்ன வேண்டும் என்று அறிந்து வைத்திருக்கிறாள்.

யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதுகிறேன். இரண்டு சாதியும் சரிவராது, இந்த வண்டியை மலைக்கு விடாதீங்க என்று காக்கா சொல்லியிருந்தால் எனக்குச் சந்தோஷம். பஸ்ஸில் போ மகள் என்றிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நல்ல வண்டி என்கிறார். கெடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் கல் போட்டாச்சு. கார் நாலு விரல் பதிந்து நிற்கிறது, பூனை பதுங்கின மாதிரி. அழகுதான்.

மத்தியானம் அப்படியே மண்முனைப் பாலத்தால் வட்டைக்கு, எங்கள் வயலுக்குப் போனேன். போகும் வழியில் காக்கா சொன்ன கற்களுக்கெல்லாம் பேர் வைத்தேன். நல்ல பேர் ஒன்றும் இல்லை. சிறுபோக வெட்டு முடிந்தது. வயலைச் செய்கிறவர் மலரின் தம்பி, எனக்கு மச்சான். அவரோடு நெல் விலை, யானை, அவருடைய முழங்கால் எல்லாம் கதைத்தோம். திரும்பும்போது வேலியோரக் குத்தகைக்காரன் சண்டை ஒன்று, அதற்கும் நின்றேன். நெல் ஆலைக்குப் போனால் மின்சாரம் இல்லை என்று பூட்டு. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதுகு வலி. சித்தாலேப தைலம் பூசினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று அதிசயம்.

பின்னேரம் மலரை ஏற்றிக்கொண்டு வாவிக்கரை வீதியால் ஓடினேன். கல்தான் போட்டிருக்கிறது. ஆனால் தொட்டில் மாதிரிப் போகிறது! நேற்று முழுக்கப் பேர் வைத்த கற்கள் எங்கே? ஒருக்கால் மட்டும் பின்னால் ‘டொக்’ என்றது. மலர் கண்ணை மூடிக்கொண்டாள். நித்திரை என்று நினைத்தேன், தயிர்ச் சட்டியை மனதில் வைத்துப் பார்த்தாளாம்.

“இஞ்சேருங்க, இதுதான் நல்லம். இதையே விடுங்க.”

“நீ மெதுவானது எண்டு நிண்டாயே?”

“நான் எப்ப சொன்னன்?”

பிறகு துஷி ஓட்டினாள். வாவிக்கரையில் இரண்டு வளைவு உண்டு, சின்னதுதான். வலை வீசிக்கொண்டு நின்றவர்கள் எங்களைப் பார்த்தே அலுத்துவிட்டார்கள், ஆறாம் தடவை போகும்போது ஒருவர், “என்னகா, மோதிரம் கீதிரம் துலைச்சிட்டீங்களா?” என்று கூப்பிட்டார்.

துஷியின் முகம் சரியில்லை.

“அப்பா, முன்பக்கம் பாரமே இல்லாத மாதிரி இருக்கு. நான் கிறுக்கிறன், மூக்கு நேர போகப் பாக்குது. பின்பக்கம் பிந்தி வருது. எனக்கு இது வேணாம். மெதுவானதையே போடுவம்.”

ஆக, கல் கேட்டவள் மெத்தை கேட்கிறாள். மெத்தை கேட்டவள் கல் கேட்கிறாள். நான் நடுவில். காக்காவுக்குப் போன் எடுத்து, “கல்லுதான் மெத்தை, மெத்தைதான் கல்லு” என்றேன்.  “அண்ணன், வெயிலுக்க திரியாதீங்க” என்றார் அவர்.

ஆகஸ்ட் 9, சனி

துஷியின் சாமான் ஏற்றப் பின் டிக்கியைத் திறந்தோம்.

இரண்டு மூட்டை நெல்.

மச்சான் ஏற்றியிருக்கிறார். நான் வேலிச் சண்டையில் நின்றபோது. “அத்தான், ஏத்திட்டன்” என்று கத்தினார், நானும் கையைக் காட்டினேன், இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஆலைக்குப் போனதே அதற்காகத்தான். ஆலை பூட்டு என்றதும் மூட்டையும் மண்டையை விட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் நெல்லோடு ஓடி, நெல்லோடு சொக் பார்த்து, நெல்லோடு முடிவெடுத்திருக்கிறோம். பின்னால் அந்தப் பாரம் அமுக்கினால் கல் ஏன் மெத்தை ஆகாது, மூக்கு ஏன் மேலே தூக்காது.

துஷி நிலத்தில் இருந்துவிட்டாள், சிரிப்பில்.

“இருவத்திரெண்டு வருசம் டிரைவர்! ரெண்டு மூட்டை நெல்லு கிடக்கிறது தெரியல்ல!”

“அதுதான் மகள். நான் ஒருநாளும் பாரமில்லாம ஓடினதில்ல. பாரம் இல்லாட்டித்தான் எனக்கு வித்தியாசம் தெரியும்.”

சமாளிப்புத்தான். ஆனால் சொன்ன பிறகு உண்மை மாதிரியும் இருந்தது.

நெல்லை இறக்கிவிட்டு மறுபடி வாவிக்கரை. துஷிக்கு மூக்குச் சொல் கேட்கிறது, சாய்வு இல்லை, சந்தோஷம். மலருக்கு ஒவ்வொரு கல்லும் தெரிகிறது, கோபம். அதாவது இரண்டு பேரும் திங்கட்கிழமை நின்ற இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு கிழமை டீசல், சே, பெற்றோல் வீண்.

காக்காவிடம் போனோம். மூட்டைக் கதையைச் சொன்னதும் கையிலிருந்த சாவியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“இப்ப எதப் போட காக்கா?”

“மலைக்கா? மகள் தனியவா? றோட்டு நல்லமா? சாமான் எவ்வளவு?” ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதில் வருகிறது. பாரம் கூட என்றால் கல். மழை, குழி என்றால் மெத்தை. வேகம் என்றால் கல். வேகமில்லை என்றால் எதுவும்.

துஷி சொன்னாள், “கல்லே கிடக்கட்டும் அப்பா. எனக்குப் பழகிட்டு.”

சரி என்றேன். ஆனால் நாளைக்கு நானும் வருகிறேன், மலையில் பார்க்காமல் விடமாட்டேன் என்றேன். திரும்பி பஸ்ஸில் வரலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடிய ஐந்துக்கு வெளிக்கிட்டோம். செங்கலடியில் இடதுபக்கம் திரும்பினால் பிறகு நேரே பதுளை றோட்டு. தயிர்ச் சட்டி இரண்டும் என் மடியில். சொக்கை நம்பாமல் மலர் என்னை நம்பினாள், அதுவே பெரிது.

பிபிலையில் இடியப்பம். அதுக்குப் பிறகு வளைவு தொடங்கியது. லுணுகலை வரை சட்டிகளை இறுக்கிப் பிடித்தேன். பாறைப் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். மறுபக்கம் ஒருக்கால் பார்த்தேன், அது போதும்.

“அப்பா, கால எடுங்க.”

நான் என் பக்கம் பிரேக் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கே பிரேக் இல்லை.

பெரிய வளைவு ஒன்று வந்தது. மேலே கொஞ்சம் அகலமான இடம், வாகனம் நிறுத்தலாம். நிற்பாட்டு என்றேன். சட்டிகளோடு இறங்கினேன்.

“நீ கீழ போய்க் கிறுகி வா. நான் இஞ்ச நிண்டு பாக்கிறன், எவ்வளவு சாயுது எண்டு. வெளிய நிண்டு பாத்தாத்தான் தெரியும்.”

“சும்மா இருங்கப்பா.”

“போ மகள்.”

போனாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பாறையில் தண்ணீர் கசிகிற சத்தம் மட்டும். நான் சக்கரத்து ரயரைத்தான் பார்க்க வேண்டும், வெளிப்பக்க ரயரையும் அதுக்கு மேல் இடைவெளியையும், காக்கா சொல்லித் தந்தார். பிறகு ஹோர்ன் கேட்டது. வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்தாள், உள்பக்கம் பார்த்தபடி வந்தாள், எதிரே வந்த லொறிக்கு இடம் விட்டாள், என்னைத் தாண்டிப் போய் நிற்பாட்டினாள்.

“சாஞ்சுதா?”

நான் ரயரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்திருக்கிறேன். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை றோட்டில் வைத்தபடி.

“இன்னொருக்கால் வா. வடிவாப் பாக்கல்ல.”

“லொறி மறைச்சிட்டா?”

“ஓம், லொறி.”

இன்னொருக்கால் போனாள். இன்னொருக்கால் வந்தாள். இந்த முறையும் ரயரைப் பார்க்கவில்லை. மூன்றாம் தரம் கேட்க வெட்கம்.

“சாயல்ல மகள். நல்லம்.”

பசறையில் என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். தயிர் ஒரு சட்டி தண்ணீர் விட்டிருந்தது, மலருக்குச் சொல்ல மாட்டேன். நிற்க இடமில்லாத பஸ், ஜன்னல் பக்கம் எப்படியோ ஓர் இருக்கை. இதை அதில் இருந்துதான் எழுதுகிறேன், அதுதான் எழுத்து இந்தக் கோலம். இந்த பஸ் சாய்கிறது. இடப்பக்கம், நன்றாக. அதெல்லாம் தெரிகிறது.

இப்போது துஷியின் மெசேஜ் வந்தது. குவாட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். கடைசித் துண்டு முழுக்கக் குழியாம், இடுப்பு விட்டுப்போச்சாம்.

“அப்பா, அடுத்தமுறை வரேக்க மெதுவானத மாத்துவமா?”

காக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.